நண்டு வளை திறக்கும் முன்னே

ஆறு கடலில் சேரும் இடத்தில் ஓர் அலையாத்திக் காடு இருந்தது. அந்தக் காட்டுக்குச் சாம்பி என்ற முயல் தன் குட்டி மொட்டுவைக் கூட்டிக்கொண்டு விருந்தாளியாக வந்தாள்.

மேற்கே வயல்களில் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒளிந்துகொள்ள ஒரு நெல்தாள்கூட மிஞ்சவில்லை. அவளுடைய மற்ற மூன்று குட்டிகளையும் நாய்கள் பிடித்துவிட்டன. மிச்சம் இருந்தது மொட்டு ஒன்றுதான். வரப்பில் மறுபடி புல் தழைக்கும்வரை இங்கே இருந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். பாவம், வேறெங்கே போவாள்?

கரையில் மறைவுக்குக் குறைவில்லை. ஆனால் கடித்த இலையெல்லாம் உப்புக் கரித்தது. அதைத் தின்று பால் சுரக்காது. ஒரு சின்ன வாய்க்காலைத் தாண்டினால் எதிரே மண்திட்டு. அதன் மேட்டில் அறுகம்புல் பச்சைப்பசேலென்று கிடந்தது. அங்கே வானத்தில் பருந்து சுற்றியதால் குட்டியைக் கூட்டிப் போக முடியாது. அதனால் மொட்டுவைக் கரையோரப் புதரில் விட்டுவிட்டு, காலையில் தண்ணீர் வடிந்து சேற்றுவழி தெரிந்ததும் சாம்பி மட்டும் போவாள். பகலில் வாய்க்கால் நிறைந்துவிடும். மறுபடி வடிந்த பிறகுதான் திரும்ப முடியும்.

சூரியனைப் பார்த்து நேரம் சொல்வதில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்று சாம்பிக்கு நினைப்பு. வயலில் அது உண்மையாகத்தான் இருந்தது.

"மொட்டு, மேற்கால அந்தத் தில்லை மரம் தெரியுதா? அதோட உச்சியில சூரியன் வந்து உக்காந்ததும் நீ இறங்கி வா. நானும் அந்தப் பக்கத்துலேருந்து வர்றேன். நடுவழியில பார்த்துக்கலாம்."

"நீ வரலன்னாம்மா?"

"சூரியன் வந்தா நானும் வருவேன். அம்மா என்னைக்காவது தப்பாச் சொல்லியிருக்கேனா?"

மொட்டு இல்லையென்று காதை ஆட்டியது.

முதல் நாள் சாயங்காலம் சூரியன் மரத்தின் உச்சிக்கு வந்தது. வாய்க்கால் வற்றிக் கிடந்தது. கரையிலிருந்து மொட்டு ஓடி வர, திட்டிலிருந்து சாம்பி கிளம்பினாள். திட்டின் ஓரத்தில் சேற்றைக் கிள்ளித் தின்றுகொண்டிருந்தது ஒரு நண்டு. அதற்கு ஒரு கை சிறிது, இன்னொரு கை உடம்பைவிடப் பெரிது. ஒற்றைக்கையன் என்று பெயர்.

"முயலம்மா, ஊருக்குப் புதுசா?" என்று கேட்டது நண்டு. "ஒரு சேதி சொல்றேன், கேட்டுக்குங்க. இன்னைக்கு வடிஞ்ச நேரத்துக்கு நாளைக்கு வடியாது. இங்க தண்ணி நிலாவுக்குத்தான் கட்டுப்படும். நாளுக்கு நாள் தள்ளித் தள்ளித்தான் வடியும். தண்ணி ஏறுறப்ப நாங்க சேத்தை உருட்டி வளையை அடைச்சுக்குவோம். வடிஞ்சாத்தான் திறப்போம். வளை திறந்திருக்கான்னு பார்த்துட்டு இறங்குங்க. ஊரே அப்படித்தான் செய்யுது."

சாம்பிக்குச் சிரிப்பு வந்தது. "சேத்துல பொறந்து சேத்துலயே கிடக்கிற உனக்கு வானத்தைப் பத்தி என்ன தெரியும்? என் வேலையை நான் பார்த்துக்கறேன், நீ உன் வளையைப் பாரு!"

"சரிங்கம்மா" என்று நண்டு மறுபடி சேற்றைக் கிள்ளத் தொடங்கியது.

இரண்டாம் நாள் சூரியன் உச்சிக்கு வந்தபோது வழியில் பாதம் நனையும் அளவு தண்ணீர் நின்றது. தாயும் பிள்ளையும் சளக் சளக் என்று நடந்து நடுவில் சந்தித்தார்கள்.

மூன்றாம் நாள் வயிறு நனைந்தது. மொட்டு தலையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தது. "குளிருதும்மா!" என்றது. சாம்பி அதை நக்கித் துடைத்துவிட்டு, "இன்னைக்கு ஏதோ கூடுதலா வந்துடுச்சு. நாளைக்குச் சரியாயிடும்" என்றாள். அன்று நண்டு வளைகள் எல்லாம் அடைத்திருந்தன. அவள் குனிந்து பார்க்கவில்லை.

நான்காம் நாள் சூரியன் உச்சியில் வந்து உட்கார்ந்தது. சாம்பி இறங்கினாள். மூன்றே அடியில் தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது. வடிகிற தண்ணீர் அவளைக் கடல் பக்கம் இழுத்தது. எப்படியோ ஒரு வேரைப் பல்லால் கடித்துக்கொண்டு திட்டில் ஏறினாள். உடம்பெல்லாம் நடுங்கியது. அந்த நடுக்கத்தில் புத்தியும் வந்தது.

'நண்டு சொன்னது சரிதான். வளை திறக்கட்டும், போகலாம். பிள்ளை புதரில் பத்திரமாக இருக்கும்' என்று நினைத்துக்கொண்டாள். வாய்க்கால் வளைந்து போகிற இடம் அது. வேர்களும் கிளைகளும் மறைத்ததால் எதிர்க்கரை தெரியவில்லை. அடைத்த வளையின் பக்கத்திலேயே காத்திருந்தாள். இதற்கு முன் அவள் யாருக்காகவும் அப்படிக் காத்திருந்ததில்லை.

சூரியன் மரத்தின் கீழே இறங்கி மறைந்தது. கடைசியில் சேற்று உருண்டை அசைந்தது. பெரிய கை முதலில் வெளியே வந்தது.

"இப்பப் போங்கம்மா, வழி திறந்துடுச்சு" என்றது ஒற்றைக்கையன். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, "குட்டி எங்க?" என்று கேட்டது.

"அது புதர்ல..." என்று தொடங்கிய சாம்பிக்கு, சூரியன் உச்சிக்கு வந்ததும் இறங்கி வா என்று தான் சொல்லி வைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. விழுந்தடித்து ஓடினாள்.

சேறு வற்றிக் கிடந்தது. புதரில் யாரும் இல்லை. புதரிலிருந்து சின்னச் சின்னக் காலடிகள் வரிசையாகக் கீழே இறங்கியிருந்தன. எங்கும் தயங்கி நின்ற அடையாளம் இல்லை. சாயங்காலம் தண்ணீர் நின்ற விளிம்புவரை போயிருந்தன. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. திரும்பி வந்த காலடி ஒன்றுகூட இல்லை.

சாம்பி அந்தக் கடைசிக் காலடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் மடியில் பால் கட்டியிருந்தது. நண்டு சற்றுத் தள்ளி நின்றது. தண்ணீர் மறுபடி ஏறத் தொடங்கியதும் போய்ச் சேற்றை உருட்டி வளையை அடைத்துக்கொண்டது.

போன இடத்தின் நடப்பைக் கேட்டுக்கொள்ளாமல் தன் ஊர் வழக்கமே எங்கும் செல்லும் என்று சொல்லிக்கொடுப்பவர் பிழைத்தாலும், அந்தச் சொல்லை நம்பியவர் பிழைப்பதில்லை.