இடதுபக்கத்து இருக்கை

"எல்லாத்தையும் மாத்திட்டேன் டீச்சர். அப்பவும் பிடிக்க மாட்டேங்குது."

பாக்கியநாதன் இதைச் சொல்லும்போது வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பியிருந்தார்கள்.

அவருக்கு வயது அறுபத்து மூன்று. தூத்துக்குடியில் டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் படிக்கும் மோட்டார் மெக்கானிக் வகுப்பை எடுக்கும் சண்முகவடிவு டீச்சருக்கு முப்பத்து நான்கு. அவர் இவரை 'சார்' என்பார். இவர் அவரை 'டீச்சர்' என்பார்.

"எதையெல்லாம் மாத்தினீங்க?"

"பேட்டரி புதுசு. ப்ளக் புதுசு. பழைய பெட்ரோலை இறக்கிட்டுப் புதுசு ஊத்தினேன். இக்னிஷன் காயிலும் மாத்தியாச்சு. ஸ்டார்ட்டர் நல்லாச் சுத்துது. ஆனா இன்ஜின் பிடிக்கல."

"ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாமே?"

"வேற ஆள் கை வைக்கிறதுக்கு மனசு வரல."

டீச்சர் கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்தார்.

"திங்கட்கிழமை பழைய கார் வாங்குறவங்க வந்து காரை இழுத்துட்டுப் போயிருவாங்க டீச்சர். மகதான் பேசி முடிச்சா. 'நிறுத்தி வெச்சு என்ன பண்ணப்போறீங்கப்பா'ங்கா. அவ சொல்றதும் சரிதான், எனக்கு ஓட்டத் தெரியாதே. போறதுக்கு முன்னாடி அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டுரணும். அவ்வளவுதான்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து அவர் வீடு திரும்பியபோது டீச்சர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஸ்பேனர் இல்லை, பை இல்லை.

"சாமான் எதுவும் கொண்டுவரலையா டீச்சர்?"

"உங்ககிட்ட இல்லாததா?"

வெள்ளைக் கார் ஷெட்டில் நின்றது. பாக்கியநாதன் அதைத் துடைத்துத் துடைத்துப் பெயின்ட் மங்கியிருந்தது.

அவர் பானெட்டைத் திறக்கப் போனார். டீச்சர் வேண்டாம் என்று தலையசைத்தார். ஓட்டுபவர் பக்கக் கதவைத் திறந்து, கால்மிதியைத் தூக்கி, குனிந்து உள்ளே பார்த்தார். எதையோ கண்டுகொண்டார். சொல்லவில்லை.

கால்மிதியைப் பழையபடி போட்டார்.

"வண்டியைக் கடைசியா யாரு ஓட்டினா?"

"அல்போன்சாதான். வேற யாரு? வாங்கினப்பவே செகண்ட் ஹேண்டு. இருபத்திரண்டு வருஷம் அவ ஒருத்திதான் ஓட்டினா."

அல்போன்சா அவர் மனைவி. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். இறந்துபோய்ப் பதினோரு மாதம் ஆகிறது.

"அவங்க எப்படி ஸ்டார்ட் பண்ணுவாங்க?"

"எப்படின்னா? சாவியைப் போட்டுத் திருப்புவா."

"அதுக்கு முன்னாடி?"

பாக்கியநாதன் காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"நீங்க எப்பவும் உட்காருற எடத்துல போய் உட்காருங்க சார்."

அவர் சுற்றிப்போய் இடதுபக்கம் ஏறி உட்கார்ந்தார். பதினோரு மாதமாக வலதுபக்கம் உட்கார்ந்துதான் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் வரவே இல்லை. இருக்கை அவர் உடம்புக்கு ஏற்றபடி குழிந்திருந்தது.

அவரை அறியாமலே இரண்டு கைகளும் மடியில் சேர்ந்தன, டிபன் கேரியரைப் பிடித்துக்கொள்வதுபோல.

"காலையில என்னை ஆபீஸ்ல விட்டுட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவா," என்றார். "உப்பளத்து வழியா வருவோம். வெயில் ஏறும்போது உப்புக் குவியலெல்லாம் கண்ணைப் பறிக்கும். லீவு நாள்ல மணப்பாடு போவோம். ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கிக்குவா. 'ஸ்டீயரிங்கைப் பிடிச்சிருக்கேன்ல, ஊட்டி விட்டா என்னவாம்'னு கேப்பா. நான் யாரும் பாக்கிறாங்களான்னு பாத்துட்டு ஊட்டுவேன்."

டீச்சர் வெளியே நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். அவசரப்படுத்தவில்லை.

"அது வழியில சார். கிளம்புறதுக்கு முன்னாடி?"

"கிளம்புறதுக்கு முன்னாடி ஜெபம் பண்ணுவா."

"எப்படி?"

"ஸ்டீயரிங்ல நெத்தி படுற மாதிரி குனிவா. வாங்கின முதல் நாள்லேர்ந்து ஒரு நாளும் தவறினதில்லை. வீட்டுல அவ்வளவு பக்தியெல்லாம் கிடையாது பாருங்க, வண்டியில மட்டும்தான். நானும் கண்ணை மூடிக்குவேன். சொந்தக்காரங்ககிட்டயெல்லாம் பெருமையாச் சொல்லியிருக்கேன், என் வீட்டுக்காரி ஜெபம் பண்ணாம சாவியைத் தொட மாட்டான்னு."

"அவங்க மாதிரியே பண்ணிக் காட்டுங்க."

பாக்கியநாதன் இறங்கி, சுற்றி வந்து, வலதுபக்கம் உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கில் நெற்றி படக் குனிந்தார்.

"கை?"

அவள் கை எங்கே இருந்தது என்று அவர் பார்த்ததே இல்லை. தன் கையைத் தொங்கவிட்டார். அது இருக்கைக்கு அடியில் போனது. விரல் நுனியில் சின்னதாக ஏதோ இடறியது.

'டிக்' என்றது.

அவர் அப்படியே இருந்தார்.

"சாவியைத் திருப்புங்க சார்."

திருப்பினார். இன்ஜின் இரண்டு முறை இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. ஷெட் முழுக்க அந்தச் சத்தம். காலையில் வாசலில் நின்று அவரைக் கூப்பிடும் அதே சத்தம்.

"திருட்டுக்குப் பயந்து முன்னாடியெல்லாம் இப்படி ஒரு சுவிட்சை ஒளிச்சு வைப்பாங்க," என்றார் டீச்சர். "கால்மிதிக்கு அடியில வயர் ஓடுறதைப் பார்த்தேன். இதைப் போடாம வண்டி பிடிக்காது. வித்தவங்க அவங்ககிட்டச் சொல்லியிருப்பாங்க."

பாக்கியநாதனின் கை ஸ்டீயரிங்கை விடவில்லை. கண் நிறைந்திருந்தது. ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"அப்போ இருபத்திரண்டு வருஷமா அவ ஜெபம் பண்ணலையா டீச்சர்? சுவிட்சைத்தான் போட்டாளா?"

டீச்சர் கதவருகே குனிந்தார்.

"இப்ப நீங்க சுவிட்சைப் போட எவ்வளவு நேரம் ஆச்சு சார்?"

"என்ன பெரிய நேரம். தொட்டதும் விழுந்துருச்சு."

"அவங்க எவ்வளவு நேரம் குனிஞ்சிருப்பாங்க?"

"நான் ஒரு மாதா ஜெபத்தை முழுசாச் சொல்லிருவேன். சொல்லி முடிச்சு, சிலுவை போட்டுட்டுக் கண்ணைத் திறந்தா..."

"திறந்தா, சார்?"

"அப்பத்தான் நிமிருவா."