மருதாயியின் கன்னத்தில் பதுங்கிய சிறுத்தை

வலி இல்லாவிட்டால் வியாதியும் இல்லை என்றா நினைக்கிறீர்கள்? மருதாயிக் குரங்கும் அப்படித்தான் நினைத்தது.

காட்டோரத்துப் பாக்குத் தோப்பில் புகுந்து பாக்கை எடுத்துக் கன்னத்துப் பையில் அடக்கிக்கொள்ளும். பொழுது சாயும்வரை அது அங்கேயே ஊறும். மற்றபடி மருதாயி கெட்டிக்காரி. சருகுக்குள் சிறுத்தை பதுங்கினால் மரத்து உச்சியிலிருந்து குரல் கொடுக்கும். அந்தக் குரலை நம்பித்தான் கீழே மான்கள் தலை குனிந்து மேயும்.

ஒரு நாள் சிறுத்தை வந்தது. மருதாயி கத்தப் பார்த்தது. வாய் பாதிதான் திறந்தது! குரல் முனகலாக வந்தது. பொட்டம்மா மான் ஒரே தாவலில் தப்பியது. வால் மயிர் கொஞ்சம் சிறுத்தையின் நகத்தோடு போயிற்று.

"ஏண்டி, குரல் குடுத்தியா, கொட்டாவி விட்டியா? எங்கே, வாயைக் காட்டு!" என்றது பொட்டம்மா.

கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு திட்டு.

"வலிக்கவே இல்லையே அக்கா!"

"உனக்கு வலிக்கிற வரைக்கும் நான் உயிரோட இருக்கணுமே! நட, கரடி வைத்தியர்கிட்ட!"

வைத்தியர் உற்றுப் பார்த்தார். "முதல்ல அந்தப் பாக்கைத் துப்பு! வாய் இறுகினதும் இந்தத் திட்டு வந்ததும் அதாலதான். இது இன்னும் புற்று ஆகலை. விட்டால் ஆகிடலாம்."

"வெட்டி எறிஞ்சிடுங்க வைத்தியரே!"

"வெட்டினாலும் பக்கத்திலேயே மறுபடி கிளம்பலாம். உன் உடம்புக்குள்ளேயே காவல்காரங்க இருக்காங்க. இந்தத் திட்டு அவங்க கண்ணெதிரேதான் கிடக்கு. நம்ம ஆள்தானேன்னு விட்டுட்டாங்க."

மருதாயிக்குச் சட்டென்று விளங்கியது. "சருகுக்குள்ள சிறுத்தை மாதிரியா? அப்போ உச்சியிலிருந்து யாராவது கத்தணுமே!"

"அந்தக் கத்தல்தான் இந்த மருந்து!" என்று வைத்தியர் ஒரு மருந்தை எடுத்தார்.

மருந்து உள்ளே போனதும் காய்ச்சல் அடித்தது. "மருந்து கேட்டா நெருப்பைக் குடுத்தீரே!" என்று மருதாயி புலம்பியது.

"அசந்திருந்த காவல்காரங்க எழுந்தா சத்தம் இல்லாமலா இருக்கும்?" என்றார் வைத்தியர்.

பாக்குத் தோப்புப் பக்கம் மருதாயி திரும்பவே இல்லை. திட்டு சுருங்கிக் கடுகளவாகி மறைந்தது. வாயும் மெல்ல இளகியது. மருதாயியின் குரல் மறுபடி காடெங்கும் கேட்டது.

கேடு முற்றி வலிக்கும்வரை காத்திராமல், அது சிறிதாக இருக்கும்போதே உள்ளே இருக்கும் காவலை எழுப்புகிறவரே பிழைப்பார்.

மரத்தில் ஏறப்போன மருதாயி திரும்பி வந்து பொட்டம்மாவிடம் வாயை அகலத் திறந்து காட்டியது.

"அக்கா, வெளியே பதுங்குற சிறுத்தையை நான் பார்த்துக்கிறேன். என் கன்னத்துக்குள்ள பதுங்குறது எனக்குத் தெரியாது. அப்பப்போ எட்டிப் பார்த்து, நீ எனக்குக் குரல் குடு!"