மேடையில் விடுபட்ட பெயர்

முதலில் கட்சித் தலைவர் குடும்பத்துத் தாத்தா அமைச்சரானார். கட்சி ஊர்வலத்தில் சுடப்பட்டு விழுந்த குருவம்மாளின் நினைவு நாளன்று, நாற்சந்தியில் இருந்த அவள் நினைவுக் கல்லுக்கு மாலை போட வருவதாகச் சொல்லி அனுப்பினார். ஆலங்குறிச்சிக் கட்சிக்காரர்கள் வெயிலில் நின்றார்கள். கார் நிற்காமல் போனது.

அடுத்து அவர் மகன் அந்த இடத்துக்கு வந்தார். நாற்சந்தியில் அவருக்கு அலங்கார வளைவு வைக்க இடம் போதவில்லை. கல்லைப் பெயர்த்து, பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் சாய்த்தார்கள். எழுத்திருந்த பக்கம் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

மூன்றாவதாக, நினைவு நாளையே எடுத்தார்கள். மறுநாள் பேரனுக்குப் பிறந்தநாளாம். கேக் வெட்டப் பந்தல் போட்ட இடத்தில் துக்கம் கூடாதாம்.

நான்காவதுதான் பேட்டி.

பேரன் கோட்டு போட்டு வெளிநாட்டுத் தொலைக்காட்சி ஒன்றில் உட்கார்ந்தார். பேட்டி எடுத்த பெண், "உங்கள் கட்சி மக்கள் உயிர் கொடுத்து வளர்த்ததா, உங்கள் குடும்பச் சொத்தா?" என்று கேட்டாள். பேரன் சிரித்தார். "எங்கள் இயக்கத்தில் ஒரு சொட்டு ரத்தம் சிந்தியதில்லை. தியாகம் என்றால் அது எங்கள் குடும்பம் செய்ததுதான்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

மறுநாள் காலை டீக்கடையில் அதே பேச்சு.

"என்னா இங்கிலீசுய்யா! அந்தப் பொம்பள கண்ணே இமைக்கல" என்றார் கட்சியின் வட்டச் செயலாளர் செவ்வேள்.

எதிர்க்கட்சிக்காரன் பால்பாண்டி விடவில்லை. "கோட்டு சொந்தமா வாடகையான்னு கேட்டுச் சொல்லுங்க, வட்டம். வாயத் தொறந்தா 'ஆக்சுவலி'ங்கிறாரு."

"நீ ஒரு தடவ சொல்லு பாப்போம்."

கடையே சிரித்தது. கிளைச் செயலாளர் இளவழுதி மட்டும் சிரிக்கவில்லை.

குருவம்மாள் அவருடைய தாய். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவள். கூலி உயர்வு கேட்டுக் கட்சி நடத்திய ஊர்வலத்தில் கொடி பிடித்து முன்னால் போனவள். இளவழுதி என்று அவருக்குப் பெயர் வைத்தவரே அந்தத் தாத்தாதான். மேடையில், அவள் கையிலிருந்து குழந்தையை வாங்கி வைத்த பெயர்.

"ஒரு சொட்டு ரத்தம் சிந்தலன்னு சொன்னாரே, அதக் கேட்டீங்களா?" என்றார் இளவழுதி.

"அது எந்த நிமிசத்துல வருது?" என்றார் செவ்வேள். "எனக்கு வந்த வீடியோவுல அந்த எடத்துல பாட்டு ஓடுது."

பால்பாண்டி கைபேசியைத் தடவிப் பார்த்தான். "எங்காளுக அனுப்புனதுல கோட்டு மட்டுந்தாண்ணே இருக்கு."

அன்று மாலை நாற்சந்தியில் பேட்டிக்குப் பாராட்டுக் கூட்டம். பாராட்டுத் தீர்மானத்தை இளவழுதிதான் படிக்க வேண்டும். படிக்காவிட்டால் கட்சியில் இருக்க முடியாது என்று மாவட்டச் செயலாளர் தென்னவன் போனில் சொல்லிவிட்டார்.

இளவழுதி தமக்கு மேடைப்பேச்சு கற்றுத் தந்த பூங்கோதையிடம் போனார்.

ஒரு காலத்தில் பூங்கோதை பேசினால் கூட்டம் மழையிலும் கலையாது. ஒலிபெருக்கி இல்லாமல்தான் பயிற்சி தருவார். மைதானத்தின் ஒரு கோடியில் மாணவரை நிறுத்திவிட்டு, மறுகோடியில் தாம் நிற்பார். "கேக்கல. மறுபடி" என்பார். தொண்டையில் அறுவை நடந்த பிறகு அவர் குரல் உடைந்துபோனது. கூட்டம் கேட்கப் போவாரே தவிர, பேசுவதில்லை.

"அக்கா, தீர்மானத்தப் படிக்கவா, கட்சிய விட்டே போகவா?"

பூங்கோதை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"விளிச்சுக் காட்டு."

கட்சி மேடையில் பேச எழுகிறவர், முதலில் மேடையில் இருப்பவர்களைப் பதவி வரிசைப்படி பெயர் சொல்லி விளிக்க வேண்டும். பேச்சில் எதை விட்டாலும் மன்னிப்பு உண்டு. பெயரை விட்டால் கிடையாது.

இளவழுதி எழுந்து நின்றார். மாவட்டச் செயலாளர் தென்னவன் அவர்களே என்று தொடங்கி, ஒன்றியம், நகரம், வட்டம் என்று இறங்கி, ஒலிபெருக்கி அமைத்தவர் வரை ஒரே மூச்சில் விளித்து முடித்தார்.

"யாரு விட்டுப்போச்சு?"

"யாருமில்ல. நான் இதுவரைக்கும் ஒரு பேரு விட்டதில்லக்கா."

"மறுபடி."

மறுபடியும் விளித்தார்.

"யாரு விட்டுப்போச்சு?"

"என்னக்கா, கேலி பண்றீங்களா? வயிறு எரிஞ்சு வந்திருக்கேன்!"

பூங்கோதை முற்றிய தண்டுகளை ஒருபக்கம் ஒதுக்கினார்.

"நான் பேச வந்த புதுசுல ஒரு வட்டத்தோட பேர விட்டுட்டேன். ஒலிபெருக்கிக் கம்பிய அறுத்துட்டான்."

"தெரியும்."

"உசிரோட இருக்கிறவன் பேர விட்டா கம்பிய அறுப்பான். செத்தவ எத அறுப்பா?"

"அந்தப் பேரன் பயல் மேல உங்களுக்குக் கோவமே வரலயா?" என்றார் இளவழுதி.

"வருது. அவனுக்கு யாரு சொன்னா? நீ போன வருசம் மேடையில சொன்னியா?"

"மாவட்டம் வேண்டாம்னாரு."

"அதுக்கு முந்தின வருசம்?"

கீரை ஆய்ந்து முடிந்தது. பூங்கோதை முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மாலையில் அலங்கார வளைவின் கீழே மேடை. பெரிய திரையில் கோட்டுப் பேரன் வாயசைத்தார், பாட்டு ஓடியது. தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் வேலை விட்டு வந்து நின்றார்கள். வேடிக்கை பார்க்கப் பால்பாண்டியும் வந்திருந்தான். முன்வரிசையில் பூங்கோதை.

இளவழுதி எழுந்தார். அவர் கையிலிருந்த தாளில் முதல் பெயர் மாவட்டச் செயலாளருடையது. அதற்கும் மேலே பேனாவால் ஒரு பெயர் எழுதியிருந்தது.

"கூலி ஊர்வலத்தில் நம் கொடியைப் பிடித்து வந்து, இதோ இந்த வளைவின் கால் ஊன்றியிருக்கும் இடத்தில் குண்டடிபட்டு ரத்தம் சிந்திய..."

தென்னவன் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். "யோவ், மேடையில இருக்கிறவங்கள விளிய்யா."

"வரிசைப்படிதான் வர்றேன், மாவட்டம்."

செவ்வேள் ஒலிபெருக்கிக்காரருக்குக் கண்ணைக் காட்டினார். ஒலிபெருக்கி செத்தது. திரையில் பாட்டும் நின்றது. இளவழுதியின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. தென்னவன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

பூங்கோதை எழுந்தார். போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பெண்களுக்கு நடுவே வழி கேட்டு நடந்து, கூட்டத்தின் கடைசி ஆளையும் தாண்டி, டீக்கடைப் பக்கம் போய் மேடையைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

உடைந்த குரல்தான். ஆனால் அப்போது நாற்சந்தியில் வேறு சத்தமே இல்லை.

"கேக்கல. மறுபடி."

இளவழுதி மைக்கை ஓரமாகத் தள்ளிவிட்டு, மேடையின் விளிம்புக்கு வந்தார். தாளைத் தூக்கிப் பிடித்தார்.

"தீப்பெட்டி ஆபீஸ் குருவம்மாள் அவர்களே!"