பீடத்துக்குப் போன ராசா படம்

கடலோரத்தில் சங்குமுகம் என்று ஒரு சின்ன ராச்சியம் இருந்தது. அதை ஆண்டவர் வீரகேது ராசா. நல்ல மனுஷர். தன் முகத்தின்மேல் கொஞ்சம் அதிகப் பிரியம், அவ்வளவுதான்.

அவர் சபையில் சந்தியாகு என்றொரு துபாசி. கப்பல்காரர்கள் கொண்டுவரும் கடிதங்களைப் படித்து ராசாவுக்கு அர்த்தம் சொல்வது அவர் வேலை. கடற்கரைத் தெருக் கத்தோலிக்கர். ராசா எதற்கெடுத்தாலும் "சந்தியாகுவைக் கேளுங்கள்" என்பார். அதைக் கேட்கும் நாளெல்லாம் பிரதானி பூவலிங்கத்துக்குச் சோறு இறங்காது.

கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கையில் பிரதானி சபையில் எழுந்தார்.

"மகாராசா, கடற்கரைக் கோயில் தாங்கள் கொடுத்த மரத்தில் எழுந்த கோயில். இந்தப் பண்டிகைக்கு அங்கே பீடத்தின்மேல் தங்கள் படத்தை வைத்தால், அதைவிட அலங்காரம் வேறு உண்டா?"

படம் என்றால் ஆள் உயரப் படம். கப்பலில் வந்த சித்திரக்காரன் ஒருவன் தீட்டியது. மீசையை மட்டும் இரண்டு விரற்கடை கூட்டி வரைந்துவிட்டான். ராசா திருத்தச் சொல்லவில்லை.

"நல்ல யோசனை" என்றார் ராசா. "சந்தியாகு, பீடத்து அலங்காரம் உன் பொறுப்பு. முந்தின நாள் சாயங்காலம் நானே வந்து பார்ப்பேன்."

"உத்தரவு, மகாராசா."

வேறென்ன சொல்வார்? மாட்டேன் என்றால் ராசத் துரோகி. வைத்தால் தெருவில் ஒருவரும் அவர் முகத்தில் விழிக்கமாட்டார்கள். இரண்டில் எது நடந்தாலும் பிரதானிக்குச் சோறு இறங்கும்.

சந்தியாகு நேரே பங்குச் சாமியாரிடம் போனார். அருளப்பச் சாமியார் விஷயத்தைக் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பீடத்தின்மேல் பூசைக்கு வேண்டியதுதான் இருக்கலாம், சந்தியாகு. பூவைக்கூட நான் மேலே ஏற்றுவதில்லை. எல்லாம் பீடத்தின் காலடியில்தான். பாலன் பிறந்த குடில்கூட ஒரு பக்கமாகத்தான் இருக்கிறது. அது பலிபீடம், அப்பா. அலமாரி இல்லை."

"தெரியும், சாமி."

"ராசாவிடம் இதை எப்படிச் சொல்வாய்?"

"தெரியவில்லை, சாமி."

ஒரு வாரம் சந்தியாகுவுக்கு நாக்கில் ருசி இல்லை. கடிதம் படிக்கையில் இரண்டு முறை வரி தவறினார். சாமியார் சொன்ன வார்த்தை ஒன்று மட்டும் காதிலேயே தங்கிவிட்டது. எட்டாம் நாள் காலையில் அவர் வயிறார இட்லி தின்றார்.

பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் ராசா வந்தார். பின்னால் பிரதானி. கோயில் கழுவித் துடைத்திருந்தது. பீடத்தில் வெள்ளைத் துணி, சிலுவையில் பாடுபட்ட சுரூபம், இரண்டு பக்கமும் மெழுகுத்திரி. காலடியில் செவ்வந்தியும் தாழம்பூவும். ஓரமாக வைக்கோல் குடில். ராசாவின் படம் பட்டுத் துணி போர்த்திச் சுவரோரம் நின்றது.

"அழகாகத்தான் இருக்கிறது" என்றார் ராசா. "நான் எங்கே?"

"வைக்கத்தான் போகிறேன், மகாராசா. தாங்கள் வந்து ஒரு வார்த்தை சொன்ன பிறகு வைக்கலாம் என்று காத்திருந்தேன்."

"என்ன வார்த்தை?"

"சம்மதம் என்று."

"நான்தானே உத்தரவிட்டேன்?"

"ஆமாம், மகாராசா. ஆனால் எதற்கும் அர்த்தம் சொல்லிவிட்டுச் செய்வதுதான் துபாசி வேலை. இந்த மேடைக்குப் பெயர் பலிபீடம்."

ராசா பீடத்தைப் பார்த்தார். "பலிபீடமா?"

"ஆமாம். நம் எல்லைக் காளி கோயிலில்கூட ஒன்று இருக்கிறது. அதன்மேல் எதை வைப்பார்கள், மகாராசா?"

"கிடாவை."

"வைத்த கிடா திரும்பி வந்ததுண்டா?"

பக்கத்தில் நின்ற சாமியார் குனிந்து, நேராக இருந்த ஒரு செவ்வந்தியை நேராக்கினார்.

"இதற்குமேல் எது ஏறினாலும் அது ஆண்டவருக்குக் கொடுத்தது" என்றார் சந்தியாகு. "திருப்பிக் கேட்க முடியாது. தங்களை ஏற்ற எனக்குக் கை வரவில்லை. அதனால்தான் சம்மதம் கேட்டேன்."

ராசா மெல்லத் தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். பிறகு பிரதானி பக்கம் திரும்பினார். "இது உமக்குத் தெரியுமா?"

"மகாராசா, அது சும்மா பேருக்குச் சொல்வது. பயப்பட ஒன்றுமே இல்லை."

"ஒன்றுமே இல்லையா?"

"ஒன்றுமே இல்லை, மகாராசா. வெறும் அலங்காரம்."

"அப்படியானால் சரி" என்றார் ராசா. "யோசனை உம்முடையது. அலங்காரத்தைக் கெடுப்பானேன்? என் படத்துக்குப் பதில் உம் படத்தை வைத்துவிடலாம்."

பிரதானி ஓர் அடி பின்னால் வைத்தார். "ஐயோ, என்னிடம் படமே இல்லையே, மகாராசா."

சந்தியாகு பீடத்தைப் பார்த்தார். பிரதானியைப் பார்த்தார். நீள அகலம் சரிதான்.

"படம் எதற்கு?" என்றார். "ஆளே வந்திருக்கிறாரே."

ராசா சிரித்த சிரிப்பில் சுவரோரம் நின்ற படத்தின் பட்டுத் துணி நழுவி விழுந்தது என்பார்கள். படம் அன்றே அரண்மனைக்குத் திரும்பிவிட்டது. மறுவருஷத்திலிருந்து பண்டிகைக்கு ஒரு வண்டி செவ்வந்தி அரண்மனையிலிருந்து வந்தது. பீடத்தின் காலடிக்கு மட்டும். அதைப் பிரதானி தம் கையால்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. அவரும் வருஷம் தவறாமல் போனார். கோயில் வாசலிலேயே இறக்கிவிட்டு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பிவிடுவார்.