இருசாயி ஏன் சொன்னாள்?

"நாலு தடவை சொல்லிக்கொடுத்தேன்மா. எழுந்து நின்னு அப்படியே ஒப்பிச்சா. அப்புறமும் ஏன் சொன்னா?"

வந்ததும் வராததுமாக ஏகாம்பரம் கேட்டார். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை மனிதர்.

ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வது எப்படி என்று நாடு முழுக்க வகுப்பெடுக்கிறார்களே, அந்த இயக்கத்தில் சேர்ந்து ஊர் ஊராகப் போகிறார். மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டார்.

மலையடிவாரத்து ஆசிரமத்துப் பூங்காவனத்தம்மாதான் அவருக்குக் குரு. வயதில் இருபது வருடம் இளையவர். அதனால் என்ன? ஞானம் சீனியாரிட்டி பார்த்தா வருகிறது?

"யாரு, என்ன சொன்னா?" என்றார் அம்மா.

"இருசாயி. மகளிர் குழுத் தலைவி. என் வகுப்புலயே கெட்டிக்காரி. போன்ல எவனோ ரகசிய எண்ணைக் கேட்டிருக்கான், சொல்லிட்டா. மகளை நர்சிங் படிக்கவைக்கச் சேர்த்த பணம் மொத்தமும் போச்சு."

"ஐயோ பாவம்."

"இப்படிப்பட்டவ தலைவியா இருக்கக் கூடாதுன்னு அறிக்கை எழுதிட்டேன். நாளைக்கு அனுப்பணும். ஆனா தெரிஞ்சே ஏன் சொன்னா? அது புரியாம மண்டை குடையுதும்மா."

அம்மா ஐந்தாறு பெண்களோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சார், உங்க போனைக் கொஞ்சம் கொடுங்க. மோட்டார் ரிப்பேர்காரர்கிட்டப் பேசணும்."

கொடுத்தார்.

"பூட்டியிருக்கே. எண் என்ன?"

"ஏழு, மூணு, ஒண்ணு, எட்டு."

"நல்ல எண்ணா இருக்கே. ஏடிஎம் கார்டுக்கும் இதேதானா?"

"ஆமாம்மா. எல்லாத்துக்கும் ஒண்ணே வெச்சுக்கிட்டா மறக்காது பாருங்…"

அடடா! திறந்த வாய் திறந்தபடி நின்றது. மனிதருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கீரை ஆய்ந்த பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மா சிரிக்கவில்லை.

"ஏன் சார் சொன்னீங்க?"

"கேட்டது நீங்களாச்சே! உங்களைப் போய் எப்படிம்மா சந்தேகப்படறது?"

"சரி. இருசாயிகிட்ட யாரு கேட்டது?"

மூன்று பக்கத்துக்கு அறிக்கை எழுதியவர், இதை மட்டும் விசாரிக்கவில்லை. அழுதுகொண்டு வந்தவளை, "எத்தனை தடவை சொன்னேன்!" என்று குழுவுக்கு முன்னால் கத்தியதோடு சரி.

அம்மா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கீரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏகாம்பரம் அங்கேயே நின்றபடி இருசாயியைப் போனில் அழைத்தார்.

"இருசாயி, நான் ஏகாம்பரம் பேசறேன்மா."

மறுமுனையில் சத்தமே இல்லை.

"கேக்குதாம்மா? நான்தான், ஏகாம்பரம்."

"நெசமாலுமே நீங்கதானா சார்?"

"நான்தான்மா. ஏன் இப்படிக் கேக்கறே?"

"அன்னிக்கும் உங்க பேரைச் சொல்லித்தான் சார் கேட்டாங்க."