மீனாள் கூப்பிட்டாள்

குன்றின் அடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அதன் குரு உமையாள் அம்மைக்கு நாற்பத்தைந்து வயது. சீடர் வைரவனுக்கு அறுபது. தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர் என்பதால் மடத்தில் எல்லோரும் அவரைச் சார் என்றே அழைத்தார்கள். குருவும் அப்படித்தான்.

சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் பதினெட்டுப் பேர் அவரிடம் படித்தார்கள். எல்லோரும் ஐந்து, ஆறு வயதுக்காரர்கள். ஆனாலும் மடத்தில் சத்தமே கேட்காது. பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தால் எந்தப் பிள்ளையும் குறுக்கே வராது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வாசலில் கைகட்டி நிற்கும். சார் தலையசைத்த பிறகுதான் வாய் திறக்கும். வந்து போகிறவர்கள் இதை வியந்து பேசும்போது வைரவனுக்கு உள்ளூரப் பெருமையாக இருக்கும்.

ஆபத்துக் காலத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அவர் பாடமாகவே நடத்தியிருந்தார்.

“யாராவது மயங்கி விழுந்தா?”

“நூத்தியெட்டு!”

“என்ன சொல்லணும்?”

மடத்தின் பெயர், ஊர்ப் பெயர், எதிரே இருக்கும் தண்ணீர்த் தொட்டி என்று பதினெட்டுக் குரலும் ஒன்றாக ஒப்பிக்கும். ஒரு சொல் பிசகாது.

ஒரு கிருத்திகை நாள், முற்பகல். வெளியூரிலிருந்து வந்த இரண்டு பேரிடம் வைரவன் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தார். மனம் அடங்குவதைப் பற்றிய பேச்சு. நடுவில் ஆறு வயது மீனாள் வாசலில் வந்து நின்றாள். கை கட்டியிருந்தாள். பொறு என்று கையால் காட்டிவிட்டு அவர் பேச்சைத் தொடர்ந்தார்.

கால்மணி நேரம் போயிற்று. தோட்டத்திலிருந்து வந்த உமையாள் அம்மை, குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே குனிந்தார்.

“என்ன கண்ணு?”

“பாக்கியம் அத்தை கீழ படுத்திருக்காங்க. கூப்பிட்டா எந்திரிக்க மாட்டேங்குறாங்க.”

எல்லோரும் சமையலறைக்கு ஓடினார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் மடத்துச் சமையல்காரி பாக்கியம் கிடந்தாள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போட்டுக்கொண்டு, கிருத்திகை விரதம் என்று ஒன்றும் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள். மூச்சு இருந்தது, நினைவு இல்லை. வைரவன் தண்ணீர்ச் செம்பை எடுத்தார். “வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க சார், புரையேறிடும்” என்று தடுத்த உமையாள் அம்மை, அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். வைரவன் போன் செய்தார். எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்த ஊர்ப் பெயரை அவரே மாற்றிச் சொல்லித் திருத்தினார்.

ஆம்புலன்ஸ் வந்தது. பாக்கியம் பிழைத்துக்கொண்டாள். “இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா சொல்றதுக்கில்ல” என்றார் மருத்துவர்.

அன்று சாயங்காலம் வைரவன் மீனாளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“ஏம்மா, அவ்வளவு நேரம் நின்னியே. ஒரு வார்த்தை கத்தியிருக்கலாமே?”

குழந்தை அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க தலையாட்டல சார்.”

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் பாக்கியம் திரும்பி வந்து அவளை மடியில் வைத்துக் கொஞ்சியபோதும் வாய் திறக்கவில்லை.

வைரவன் குருவிடம் போனார்.

“நம்பர் சொல்லிக் கொடுத்தேன். விலாசம் சொல்லிக் கொடுத்தேன். எதை விட்டேன் அம்மா?”

“நாளைக்கு அந்தப் பாடத்தை என் முன்னாடி நடத்துங்க சார்.”

நடத்தினார். பிள்ளைகள் பிசகாமல் ஒப்பித்தார்கள்.

“நல்லா இருக்கு” என்றார் உமையாள் அம்மை. பிறகு பிள்ளைகளைப் பார்த்தார். “இப்ப நான் கண்ணை மூடி உட்காரப் போறேன். யாராவது வந்து என்னை எழுப்புங்க.”

கண்ணை மூடினார். யாரும் நகரவில்லை. குரு கண்மூடி உட்கார்ந்தால் அந்தப் பக்கம் நடக்கக்கூடாது என்பது வைரவன் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது. பிள்ளைகள் வைரவன் முகத்தையே பார்த்தார்கள். அவர் தலையசைத்தார். அப்போதும் யாரும் எழுந்திருக்கவில்லை. மதிய மணி அடித்தது.

மறுநாளும் குரு வந்து கண்ணை மூடி உட்கார்ந்தார்.

அதற்கு அடுத்த நாள் ஒரு பொடியன் தவழ்ந்துபோய் அவர் புடவை நுனியை ஒரு விரலால் தொட்டான். உடனே கண் திறந்தது. அம்மை எழுந்தே நின்றுவிட்டார்.

“வந்துட்டேன். என்ன ஆச்சு?”

பையன் மிரண்டு போனான்.

“ஒண்ணுமில்ல.”

“சரி” என்று திரும்பவும் உட்கார்ந்துகொண்டார்.

அவ்வளவுதான். மறுநாள் வரிசை கட்டிவிட்டார்கள். தோளைத் தட்டினார்கள், கையைப் பிடித்து இழுத்தார்கள், காதருகே போய்க் கத்தினார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் எழுந்து நின்று என்ன ஆச்சு என்று கேட்டார். கூடம் சந்தைபோல ஆயிற்று. மீனாள் மட்டும் கடைசி வரிசையில் தூணோடு ஒட்டிக்கொண்டு பார்த்தபடி இருந்தாள்.

வைரவனுக்குப் பொறுக்கவில்லை.

“ஒரு வருஷமா உண்டாக்கின ஒழுங்கு அம்மா.”

“ஆமாம் சார்” என்றார் உமையாள் அம்மை. மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒரு நாள், கூடம் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். உமையாள் அம்மை பேசிக்கொண்டிருந்தார். வாசல் பக்கமிருந்து ஒரு கூச்சல் கேட்டது.

“சார்! அம்மா! வாங்க, சீக்கிரம் வாங்க!”

மீனாள்தான். கை கட்டியிருக்கவில்லை. உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவில் புகுந்து ஓடி வந்தாள்.

 மறுபடியும் பாக்கியம்தான் என்று நினைத்தார் வைரவன். அறுபது வயதை மறந்து எழுந்து ஓடினார். குழந்தை அவர் வேட்டியைப் பிடித்து வகுப்பறைக்கு இழுத்துப் போனாள். அங்கே யாரும் விழுந்து கிடக்கவில்லை.

“என்னம்மா? என்ன ஆச்சு?”

“என் ரப்பரைக் காணோம் சார்.”

அவருக்கு மூச்சு வாங்கியது. உயிர் திரும்பி வந்தது. அதன் பின்னாலேயே கோபமும் வந்தது. திரும்பிப் பார்த்தார். கூடத்தில் அத்தனை பேரையும் விட்டுவிட்டு உமையாள் அம்மை பின்னாலேயே வந்திருந்தார். வந்த வேகத்தில் மண்டி போட்டு, பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டுத் தேடத் தொடங்கியிருந்தார்.

“பச்சையா, வெள்ளையா?”

“பச்சை. ஓரத்துல கடிச்சிருக்கும்.”

வைரவன் அவர் பக்கத்தில் குனிந்தார். குழந்தைக்குக் கேட்காமல் தணிந்த குரலில் சொன்னார்.

“அம்மா, அவ்வளவு பேர் அங்க காத்திருக்காங்க. ரப்பர் காணாமப் போறதெல்லாம் ஒரு ஆபத்தா?”

உமையாள் அம்மை பெஞ்சுக்கு அடியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“கூப்பிட்டா ஆள் வருதான்னு பார்க்கிறா சார். நீங்க அந்தப் பக்கம் தேடுங்க.”