வெள்ளியம்பலம் அடைத்த வாய்க்கால்கள்

“மாடக்கண்ணை ஊரை விட்டே துரத்தணும் தாயே!”

வெள்ளியம்பலம் கத்திக்கொண்டே மடத்துக்குள் வந்தார். இருந்த கோபத்தில் சேற்றுக் காலைக்கூடக் கழுவவில்லை.

உலகம்மை கொய்யா மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அவரைவிட வயதில் சிறியவள். ஆனாலும் அவள் குரு, அவர் சீடர்.

“என்ன செஞ்சான்?”

“நான் மூடின குறுக்கு வாய்க்காலை வெட்டுதான். தண்ணி அங்கயும் இங்கயும் சுத்தி வீணாப் போகுதுன்னுதானே எல்லாத்தையும் அடைச்சேன்? ஒரே பெரிய வாய்க்காலா நேரா விட்டேன். கடைமடை வரைக்கும் என்னா வேகமாப் போச்சு!”

“இப்போ போகுதா?”

அவர் முகம் சிவந்துவிட்டது.

“நடுவுல கரை உடைஞ்சா நான் என்ன செய்ய? கட்டி முடிக்க நாளாகும். பொறுக்க வேண்டியதுதானே?”

“கடைமடையில மாடக்கண்ணு பயிரு?”

“கதிர் விடுத பருவம்.” குரல் சற்று இறங்கியது. உடனே மறுபடி ஏறியது. “அதுக்காக? என்னைக் கேக்காம மண்வெட்டியத் தூக்குவானா? நீர்ப்பொறுப்பு எனக்கா, அவனுக்கா?”

இப்போது உலகம்மைக்கும் கோபம் வந்துவிட்டது. எழுந்தாள். பூச்சி அரித்த கொய்யா இலை ஒன்றைப் பறித்து அவர் கையில் திணித்தாள்.

“நடு நரம்பு எங்கே அறுந்திருக்கு? காட்டும்.”

“இந்தா, பாதியில. பூச்சி தின்னு ஓட்டை போட்டிருக்கு.”

“ஓட்டைக்கு அந்தப் பக்கம்?”

“அந்தப் பக்கம் காஞ்சுதான்...”

நிறுத்திவிட்டார். இலையின் நுனி பச்சையாக இருந்தது.

வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். மெல்லிய நரம்புகள் ஒன்றோடொன்று பின்னி, ஓட்டையைச் சுற்றிக்கொண்டு நுனிவரை போயிருந்தன.

“நாசமாப் போக!” என்றார். யாரைச் சொன்னார் என்று உலகம்மை கேட்கவில்லை.

“நாளைக்குக் காலையில அவனைக் கூப்பிட்டுப் பேசுதேன் தாயே.”

“உம்ம கோபம் நாளைக்கும் இருக்கும். பயிரு இருக்காது.”

வெள்ளியம்பலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார்.

குறுக்கு வாய்க்காலில் மாடக்கண்ணு தனியாக வெட்டிக்கொண்டிருந்தான். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். அவர் வருவதைக் கண்டதும் மண்வெட்டியை ஓங்கினான்.

“கிட்ட வந்தீரு, மரியாதை கெட்டுப் போகும்!”

வெள்ளியம்பலம் நிற்கவில்லை. குழிக்குள் குதித்து மண்வெட்டியைப் பிடுங்கினார்.

“கூறுகெட்ட பயலே, இது ஒண்ணை மட்டும் வெட்டிட்டு வீட்டுக்குப் போகப் பாத்தியாக்கும்? மத்ததையெல்லாம் எவன் வெட்டுவான்?”